பணிக்கரின் ஓவியங்களை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா? மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் நவீன ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. நான் குன்னூரில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளையும் பெற்றோரையும் நான்கு முறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் முறை பதினோரு பேர் போனோம். ஓர் இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தவர்கள் இருபது நிமிடத்தில் வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள். "நன்றாக இருந்தது டீச்சர்" என்றார்கள். யாராலும் ஒரு படத்தைக்கூட நினைவுபடுத்திச் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது, எங்கே நிற்பது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்தடுத்த பயணங்களில் அந்த வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீலகிரியிலிருந்து புறப்படுபவர்களை மனத்தில் வைத்திருக்கிறேன். கொடைக்கானல், பழனி மலைப் பக்கத்தவர்கள் நான்காம் பகுதியை மட்டும் தங்கள் வழிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

திங்கட்கிழமை வளாகத்துக்கு விடுமுறை. புதன்கிழமை காலையிலும் காட்சிக்கூடங்கள் திறக்காது. மதியத்துக்குப் பிறகுதான் திறக்கும். மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4.45-க்கு மூடுவது வழக்கம். சனி, ஞாயிறு சேர்ந்த விடுமுறையோடு திங்களையும் ஒட்டிப் பயணம் வைப்பது நம் பழக்கம். அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஞாயிறு முழுவதும் கடற்கரையில் கழித்துவிட்டு, திங்கள் காலை பூட்டிய கதவின் முன் நிற்கிறார்கள்.

வியாழன் அல்லது வெள்ளி நல்லது. புதன் நண்பகல் மலையிலிருந்து இறங்கி, இரவு ரயில் ஏறினால் வியாழன் காலை அங்கே இருக்கலாம். வார நாள் என்பதால் கூட்டம் குறைவு. அரூப ஓவியத்தை, அதாவது பொருள்களை அப்படியே காட்டாமல் கோடும் நிறமும் வடிவமுமாக வரைந்த ஓவியத்தை, பார்க்கக் கூட்டமில்லாத அறை வேண்டும். ஒரே படத்தின் முன் பத்து நிமிடம் நிற்கும்போது பின்னால் யாரும் முட்டக் கூடாது.

மாதத்தையும் பாருங்கள். ஆற்றுக்கால் பொங்கல் நடக்கும் நாட்களில், அதாவது பிப்ரவரி அல்லது மார்ச்சில், நகரமே அடுப்புகளால் நிறைந்திருக்கும். தங்குமிடமும் கிடைக்காது, பஸ்ஸும் ஓடாது. ஜூன், ஜூலையில் அங்கே கடும் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் மலைப்பாதையிலேயே மண் சரியும். ஜனவரிக் கடைசி வாரம் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

முந்தின நாள் தொலைபேசியில் கேளுங்கள். "மியூசியம் திறந்திருக்கிறதா?" என்று கேட்டால் "திறந்திருக்கிறது" என்பார்கள். அந்த வளாகத்தில் பல கட்டடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று பராமரிப்புக்காக மூடியிருக்கலாம். "பணிக்கர் காலரி நாளை திறந்திருக்குமா?" என்றே கேளுங்கள். ஹர்த்தால் (முழு அடைப்பு) ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு வாரம் முன்பே கண்ணைப் பழக்குங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே போகிறவர்களே அதிகம். என் அனுபவத்தில் மொத்தப் பயணத்தின் பாதிப் பயன் இந்த ஒரு வாரத்தில்தான் கிடைக்கிறது.

அரூப ஓவியம் என்றதும் "எனக்குப் புரியாது" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள், உண்மையில் தினமும் அரூபத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தோடர் பெண்கள் பின்னும் பூத்துக்குளிப் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல், பட்டையும் கட்டமும் முக்கோணமும். ஊட்டி மார்க்கெட்டில் அதைப் பார்த்து நிற்கிறவர் யாரும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று தொடங்குவதில்லை. முதலில் கண் பட்டையோடு ஓடுகிறது, எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி என்று பார்க்கிறது, கை தொட்டுப் பார்க்கிறது. அந்த வடிவங்களுக்கெல்லாம் பெயர்கள் உண்டு என்பது பிறகு தெரியவருகிறது. இதே வரிசையில்தான் பணிக்கரையும் பார்க்க வேண்டும். ஆகவே முதல் நாள், வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பூத்துக்குளி இருந்தால் விரித்து வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் பாருங்கள்.

இரண்டாம் நாள், எதிர் மலைக்குப் போங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் நின்றால் இலை தெரியும், செடி தெரியும். எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தால் இலை போய்விடும். இலை பறிக்க நடக்கும் தடங்கள் மட்டும் கோடுகளாக வளைந்து வளைந்து தெரியும். ஓவியர் ஒருவர் இலையை விட்டுவிட்டுத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது அரூபத்தை நோக்கிய முதல் அடி. பிள்ளைகளிடம் "இலை வரையாமல் தோட்டத்தை வரை" என்று சொல்லிப் பாருங்கள். வளையும் கோடுகளைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்காது. அந்த ஒரு பயிற்சியில் நான் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததைப் புரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது, ஜாதகக் கட்டம். நாலுக்கு நாலாகப் பிரித்து, நடுவில் நான்கையும் ஒன்றாக்கினால் சுற்றிலும் 12 வீடுகள். இதைக் கையால் ஒருமுறை வரையுங்கள். அளவுகோல் வேண்டாம். பணிக்கரின் பிற்காலப் படங்களில் இப்படிப்பட்ட கட்டங்களும், பஞ்சாங்கத்திலோ ஓலைச்சுவடியிலோ பார்த்தது போன்ற குறிகளும் வரும். வரைந்து பார்த்த கை அவற்றை உடனே அடையாளம் காணும். சோதிடத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்ற வாதத்தை மட்டும் இங்கே தொடங்கிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது கட்டம், பலன் இல்லை.

நான்காவது, நமக்குத் தெரியாத மொழியின் செய்தித்தாள் ஒன்று. கூடலூர் பக்கத்தவர்களுக்கு மலையாளம் தெரிந்திருக்கும். அவர்கள் கன்னடத்தாள் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் மலையாளத்தாளைச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று, எங்கே கறுப்பு அடர்ந்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எழுத்து வாசிப்பதற்கு மட்டுமல்ல, அது ஒரு கோடும்தான். இதைக் கண் ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். ரயிலில் போகும்போது சொல்லிப் பயனில்லை.

3. பையில் வைக்க வேண்டியவை

பென்சில் இரண்டு, சிறு நோட்டுப் புத்தகம், தண்ணீர், மெல்லிய பருத்தி உடை, கைக்குட்டை. நீர்வண்ணப் பெட்டியும் மைப்பேனாவும் வேண்டாம். ஓவியங்கள் இருக்கும் அறையில் மை கசிந்தால் திருத்த முடியாத சேதம்.

ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தோடு மடித்துப் பைக்கு அடியில் வையுங்கள். திரும்பும்போது குன்னூர் ஏறுகையில் கட்டாயம் வேண்டும். மலைப் பிள்ளைகளுக்கு அந்த ஊரின் புழுக்கம் பத்து மணிக்கே தலைவலி கொடுத்துவிடும். தலைவலியோடு பார்க்கும் படம் கண்ணில் தங்காது. மூட்டை முடிச்சைக் காட்சிக்கூடத்துக்குத் தூக்கிப் போகாமல் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் விட்டுவிடுங்கள். தோளில் பை தொங்கினால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

4. இறங்குவதும் ஏறுவதும்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கும். குழுவாகப் போவதென்றால் அன்றே செய்துவிடுங்கள். கோவையிலிருந்து திருச்சூர், எர்ணாகுளம், கொல்லம் வழியாக எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும்.

இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, சில ரயில்கள் கோவை சந்திப்புக்கு வராமல் போத்தனூர் வழியாகவே போய்விடும். டிக்கெட்டில் ஏறும் நிலையம் எது என்று பார்க்காமல் கோவையில் காத்திருந்து வண்டியைத் தவறவிட்ட குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு, முன்பு கொச்சுவேளி என்றிருந்த நிலையத்துக்கு இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர். உங்கள் வண்டி அங்கே நின்றுவிடுகிறதா, சென்ட்ரல் வரை போகிறதா என்பதைப் பார்த்து வையுங்கள். சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே தம்பானூர் பஸ் நிலையம். அருங்காட்சியகத்துக்குச் சில கிலோமீட்டர்தான்.

மலை ரயிலை நம்பி இரவு ரயிலைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். பாதையில் ஒரு பாறை உருண்டால் அன்றைய வண்டி ரத்து. பஸ்ஸில் இறங்குங்கள், அதுவும் நண்பகலிலேயே. கல்லாறு வரை கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள்; முன் இருக்கை பிடித்து, புறப்படும் முன் இட்லி அளவோடு நிறுத்துங்கள். கோவையில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் நன்றாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம். பணிக்கர் பிறந்த ஊரே கோவைதான், 1911-இல். நாம் மலை விளிம்பில் நின்று பார்க்கிற அதே சமவெளி.

5. வளாகத்துக்குள் எந்தக் கட்டடம் முதலில்?

பணிக்கர் காட்சிக்கூடம் முதலில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடம் எதிரே நிற்கும். பல வண்ணப் பட்டைகளோடும் கூரான கூரைகளோடும் அது எல்லோரையும் இழுக்கும். ஊட்டி நீலகிரி நூலகத்தைக் கட்ட வரைபடம் தந்த சிஸம் என்ற கட்டடக் கலைஞரின் கைவேலைதான் அதுவும்; நம் ஊர்க்காரர்களுக்கு நின்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பிறகு பார்க்கலாம். அடுத்து ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள். அதே வளாகத்தில் அவருக்கென்று தனிக் காட்சிக்கூடமும் 2023-இல் திறந்திருக்கிறார்கள். அடுத்து மிருகக்காட்சிசாலை. பிள்ளைகளின் கால் தானாகவே அங்கே போகும்.

ரவிவர்மாவை முதலில் பார்த்துவிட்டால் என்ன ஆகிறது என்பதை இரண்டாவது பயணத்தில் கண்ணால் கண்டேன். பட்டுப் புடவையின் சரிகை, முத்துமாலையின் பளபளப்பு, விரல் நகம் வரை அச்சு அசல். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பணிக்கரிடம் வந்தால், "இன்னும் வரைந்து முடிக்கவில்லையா?" என்ற கேள்விதான் எழும். ஒரு பெரியவர் அப்படியே கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, நான் வைத்த வரிசைதான் தவறு. பணிக்கரை முதலில் பார்த்துவிட்டு ரவிவர்மாவிடம் போனால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. அதைப் பத்தாம் பகுதியில் சொல்கிறேன்.

மிருகக்காட்சிசாலையைக் கடைசியில் வையுங்கள். அங்கே நடந்து களைத்த கால் காட்சிக்கூடத்தில் நிற்காது. பிள்ளைகளிடம் இதை முதலிலேயே வாக்குறுதியாகச் சொல்லிவிட்டால் மனம் அலைபாயாது.

சீட்டு வாங்கும்போதே அது எந்தெந்தக் கட்டடங்களுக்குச் செல்லும், புகைப்படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் கைப்பேசியைப் பையில் போடச் சொல்லுங்கள். படம் எடுத்ததும், பார்த்தாகிவிட்டது என்று மனம் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

6. முதல் சுற்று: நிற்காமல் நடங்கள்

பத்து நிமிடம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தப் படத்தின் முன்னும் நிற்காமல் எல்லாவற்றையும் ஒருமுறை கடந்து போங்கள். பெயர்ப்பலகை படிக்க வேண்டாம், பேச வேண்டாம்.

எல்லாப் படங்களையும் சம அக்கறையோடு பார்க்கத் தொடங்குகிறவர்கள் ஐந்தாவது படத்திலேயே களைத்துவிடுகிறார்கள். மனம் ஒரு படத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கட்டும். நடந்து முடித்து வெளியே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "எது திரும்பவும் கண்ணுக்குள் வருகிறது?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். நிறமோ மூலையோ எதுவானாலும் சரி. வந்ததை நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

7. இரண்டாம் சுற்று: மூன்றே படங்கள்

ஒவ்வொருவரும் மூன்று படங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்.

முதலில் ஆறு அடி தள்ளி நில்லுங்கள். அங்கிருந்து தெரிவது படத்தின் பிரிவு: எங்கே கனம், எங்கே காலி, கண் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது. பிறகு இரண்டு அடிக்கு வாருங்கள். இப்போது தூரிகை போன தடம், ஒரு நிறத்தின் அடியில் இன்னொரு நிறம், நுண்ணிய கோடுகள் எல்லாம் எழும்பி வரும். மறுபடியும் பின்னால் போங்கள். முதலில் பார்த்த அதே படமா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கிட்டப் போய்ப் பார்த்தது இப்போது தூரத்திலிருந்தும் தெரியத் தொடங்கும்.

கண்ணாடிச் சட்டத்தில் சன்னல் வெளிச்சம் பட்டு உங்கள் முகமே தெரிந்தால், நேரே நிற்காமல் ஓர் அடி பக்கவாட்டில் விலகுங்கள். இது சின்ன விஷயம்தான். ஆனால் சொல்லாவிட்டால் யாரும் விலகுவதில்லை. "படம் சரியாகத் தெரியவில்லை" என்று போய்விடுகிறார்கள். விரல் நீட்டிச் சுட்டுவதையும் தடுத்துவிடுங்கள். உற்சாகத்தில் விரல் படத்தின் மேல் பட்டுவிடும்.

8. எழுத்தைப் படிக்காதீர்கள்

1963-இலிருந்து பணிக்கர் வரையத் தொடங்கிய படங்களை 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையாகச் சொல்கிறார்கள். பரப்பு முழுக்க எழுத்து போன்ற கோடுகள் வரிவரியாக ஓடும். இடையில் ஒரு கட்டம், ஒரு பறவை போன்ற வடிவம், மீனோ பாம்போ என்று நினைக்கவைக்கும் ஒரு வளைவு, ஒரு நிறத் திட்டு. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

மூன்றாவது பயணத்தில் கூடலூர் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, பதின்மூன்று வயது, இப்படி ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். வீட்டில் பாட்டியிடம் மலையாளம் படிக்கக் கற்றவள். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. "இது ழ மாதிரி இருக்கிறது டீச்சர். ஆனால் ழ இல்லை. இது ண... இதுவும் இல்லை." திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. தனக்கு மலையாளம் மறந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

மறக்கவில்லை. அங்கே படிக்க எதுவும் இல்லை. மலையாள எழுத்தின் சுழியையும் வளைவையும் எடுத்துக்கொண்டு, அதன் ஒலியையும் பொருளையும் விட்டுவிட்டார் ஓவியர். இலையை விட்டுத் தடத்தை வைத்துக்கொண்டது போலத்தான். மொழி தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் படம் கடினம். கண் கோட்டைக் கண்டதும் நாக்கு அதை ஒலிக்கப் பார்க்கிறது. ஒலி வராதபோது ஏமாற்றம். மலையாளம் தெரியாத பிள்ளைகளும் வேறு விதமாக மாட்டிக்கொள்கிறார்கள். "எனக்கு மொழி தெரியாது, அதனால் புரியவில்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: யாராலும் படிக்க முடியாது, படிக்க வேண்டியதும் இல்லை.

அவளிடம் ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, அது வேகமாக எழுதியதா, நிதானமாக எழுதியதா என்று சொல்லச் சொன்னேன். ஐந்து நிமிடம் பார்த்தாள். "மேலே மெதுவாக எழுதியிருக்கிறார். கீழே வரவர அவசரம். இந்த இடத்தில் நின்றுவிட்டார்" என்று ஒரு சிவப்புத் திட்டைக் காட்டினாள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இப்போது எல்லோரிடமும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

நம் மொழிக்கு இது அந்நியமும் இல்லை. ஓவியத்தை வரைவதற்குத் தமிழில் 'எழுதுவது' என்ற சொல்லும் உண்டு. கண்ணுக்கு மை எழுதுகிறோம். கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பைப் பக்கத்திலுள்ள எழுத்துப் பாறையில் இருப்பவை எழுத்துகள் அல்ல, ஓவியங்கள்தான். ஊர் மக்கள் அதை எழுத்து என்றே அழைத்தார்கள். இந்த ஒரு செய்தியை ரயிலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் காட்சிக்கூடத்தில் பாதி விளக்கம் மிச்சம்.

9. பென்சிலை எடுப்பதும் பலகையைப் படிப்பதும்

மூன்றையும் பார்த்த பிறகே பென்சில். படத்தை நகலெடுக்கக் கூடாது. உள்ளங்கை அளவுக் கட்டம் ஒன்று போட்டு, அதற்குள் ஓவியர் பரப்பை எப்படிப் பிரித்திருக்கிறார் என்பதை மட்டும் ஏழெட்டுக் கோடுகளில் வரைய வேண்டும். குறிகளையும் எழுத்துகளையும் நகலெடுக்கத் தொடங்கினால் பிள்ளைகள் அலங்காரத்தில் மூழ்கிவிடுகிறார்கள், படத்தின் எலும்பு கையில் வருவதில்லை.

இதற்கும் பிறகுதான் பெயர்ப்பலகை. முதலில் பலகையைப் படித்தவர்கள் அந்தப் பெயரைப் படத்துக்குள் தேடுகிறார்கள். நதி என்று படித்தால் நதி எங்கே என்று தேடி, கிடைத்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். உங்கள் நோட்டில் நீங்களே ஒரு பெயர் எழுதிவிட்டுப் பிறகு பலகையைப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஒன்றை அடித்துவிடாதீர்கள். ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

10. ஆரம்ப காலப் படங்களுக்குத் திரும்புங்கள், பிறகு ரவிவர்மா

பணிக்கர் தொடக்கத்தில் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்தவர். தென்னை, கால்வாய், வெயில் எல்லாம் அடையாளம் தெரியும். குறித்துக்கொண்ட ஆண்டுகளை வைத்து, பிற்காலப் படங்களிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். எந்த வரிசையில் மாட்டியிருந்தாலும் இதைச் செய்யலாம். முன்னோக்கி நடந்தால் "நன்றாக வரைந்தவர் ஏன் இப்படி ஆனார்?" என்று தோன்றும். பின்னோக்கி நடந்தால், பிற்காலத்துக் கோடு ஏற்கெனவே மரக்கிளையில் ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் படும். நான் இரண்டு வழியிலும் நடந்து பார்த்திருக்கிறேன், பின்னோக்கி நடப்பதையே சொல்வேன்.

இவ்வளவுக்கும் இரண்டு மணி நேரம் போதும். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு வெளியே வந்து சாப்பிட்டுவிடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் பிடித்துப்போன படமும் அலுத்துவிடும்.

பிற்பகலில் ரவிவர்மா. இப்போது பிள்ளைகளின் கண் முகத்தோடு நிற்பதில்லை. "பின்னால் இருட்டை எவ்வளவு விட்டிருக்கிறார் பாருங்கள் டீச்சர்" என்கிறார்கள். புடவை மடிப்பைக் கோடாகப் பார்க்கிறார்கள். நேரமிருந்தால் நேப்பியர் கட்டடம், பிறகு வாக்குறுதி கொடுத்த மிருகக்காட்சிசாலை. இரவு ரயில் ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் வீடு.

11. திருவனந்தபுரம் போக முடியாதவர்கள்

பெங்களூரு அரண்மனைச் சாலையிலுள்ள தேசிய நவீன கலைக்கூடம் நமக்கு மைசூரு வழியாகப் பஸ்ஸிலேயே எட்டும். திங்கள் விடுமுறை. அங்கே காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், போகும் வாரத்தில் பணிக்கரின் படம் மாட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சென்னை செல்பவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில், பணிக்கர் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலுள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அங்கே அவரோடும் அவருக்குப் பின்னும் வேலை செய்தவர்களின் படங்கள் சேர்ந்து இருப்பதால், ஒருவரின் கோட்டை மற்றவரின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும்.

12. வீடு திரும்பிய மூன்று நாட்களுக்குள்

கண் ஆறுவதற்குள் ஒரு படம் வரையுங்கள். மூன்று நாள் தாண்டினால் நினைவில் பெயர்கள்தான் மிஞ்சும்.

எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பணிக்கரைப் போலவே மலையாளம் மாதிரி எழுத்துகளைப் போட்டு ஒரு கட்டமும் பறவையும் சேர்த்துவிடுவார்கள். பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் அது இரவல். அவர் தன் கைக்குப் பழகிய எழுத்திலிருந்து கோட்டை எடுத்தார். நீங்கள் உங்கள் வீட்டில் தினமும் புரளும் எழுத்திலிருந்து எடுங்கள். ரேஷன் அட்டை, பால் கணக்கு, தாத்தாவின் கடிதம், பழைய பஞ்சாங்கம், எதுவானாலும் சரி. அதைப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டு வரையுங்கள்.

கடந்த முறை வந்த பையன் ஒருவன் வீட்டு இலைக்கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டான். அவனுடைய அம்மா சொந்தத் தோட்டத்துப் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்குப் போடுகிறவர். நாள்தோறும் எத்தனை கிலோ என்று நீலப் பேனாவில் எழுதிய வரிகள். அவன் வரைந்ததில் ஓர் எண்ணைக்கூடப் படிக்க முடியாது. நீலக் கோடுகள் ஓரிடத்தில் நெருக்கியடித்து நின்றன, கீழே ஒரு பட்டை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. வகுப்புச் சுவரில் மாட்டியிருந்தேன். நோட்டைப் பார்த்து வரைந்தது என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த வெறும் பட்டையைக் காட்டி, "இது ஜனவரிதானே? பனி விழுந்து இலை கருகிய மாதம்" என்று மகனைக் கேட்டார்.

அதனால் வரைந்த படங்களை மாட்டும்போது எதிலிருந்து எடுத்தது என்று ஒரு வாரம் எழுதி வைக்காதீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் தேதி மட்டும் போடுங்கள். வந்து பார்க்கிறவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, எட்டாம் நாள் பெயர் எழுதி ஒட்டுங்கள்.